போகும்போது 25 நிமிடம், திரும்பும்போது 75 நிமிடம்! புதுசாக சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

(காட்சி: கீழக்கரை சாலை. மைக்கில் காற்று இரைகிறது.)

நம் ராமநாதபுரம் கடற்கரையில், ஏர்வாடியிலிருந்து கீழக்கரைக்கு சுமார் 10 கிலோமீட்டர். ஆனி மாதத்தில் ஒருநாள் மதியம், புது சைக்கிளில் 25 நிமிடத்தில் போய்விட்டேன். நமக்குள் இப்படி ஒரு வீரன் இருந்தானா என்று எனக்கே ஆச்சரியம். அங்கே தொதல் என்ற இனிப்பு ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டேன். திரும்பி வர ஒன்றே கால் மணி நேரம் ஆனது. பழியைத் தொதல் மேல் போடாதீர்கள், பாவம்.

சைக்கிளின் வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்: 1817-இல் ஜெர்மனியில் பெடலே இல்லாத மர வண்டி, 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி செய்த செயின் வைத்த ரோவர், 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயர். முடிந்தது.

சீட் உயரம்: பெடல் அடியில் இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். ரொம்பத் தாழ்த்தி வைத்துக்கொண்டு "முட்டி வலிக்குது" என்று வராதீர்கள்.

சரி, இப்போது காற்று.

(காட்சி: பனை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன.)

நம் கரையில் வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான். தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஐப்பசி பிறந்தால் வாடை, வடகிழக்கிலிருந்து. ஏர்வாடியிலிருந்து கீழக்கரைக்குப் போவது கிழக்கே போவது. கச்சானில் அது முதுகைத் தள்ளிவிடும் சவாரி. திரும்பும்போது? கணக்கைப் பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது.

நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறீர்கள். காற்று 20-இல் அடிக்கிறது. எதிரே அடித்தால் உங்கள் நெஞ்சில் மோதுவது 35. காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு கூடவே ஏறாது, வேகத்தின் வர்க்கமாக ஏறும். 35-ஐ 15-ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்குங்கள். காற்றே இல்லாத நாளைவிடக் கிட்டத்தட்ட ஐந்தரை மடங்கு! மேடு ஏறினால்கூட உச்சி எங்கே என்று தெரியும். எதிர்காற்றுக்கு உச்சியும் கிடையாது, இறக்கமும் கிடையாது.

இதைவிடப் பெரிய வில்லன் பின்காற்று. அது இருப்பதே தெரியாது! 20-இல் அடிக்கும் காற்று முதுகில் இருந்து, நீங்களும் 20-இல் போனால் முகத்தில் ஒன்றுமே படாது. உடம்பு புழுங்கி வியர்க்கும். "இன்று காற்றே இல்லை" என்று நினைத்துக்கொண்டு இன்னும் தூரம் போவீர்கள். கடற்கரைச் சாலையில், அதுவும் ஆனி மாதத்தில், காற்றே இல்லை என்று தோன்றினால் பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள். நின்ற அடுத்த நொடி சட்டை பின்னாலிருந்து படபடக்கும். அப்போதே பாதி சக்தி மிச்சம் இருக்கும்போது திரும்பிவிடுங்கள்.

கீழக்கரையில் பஞ்சர் ஒட்டும் காக்கா (அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர் அன்று என்னைப் பார்த்துச் சொன்னது: "தம்பி, கச்சான்ல கிழக்கே வந்தா, திரும்பப் போக பஸ் இருக்கானு பாத்துட்டு வரணும்." ஆகவே முதலில் எதிர்காற்றில் போங்கள், களைத்த பிறகு அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரட்டும். காற்று எந்தப் பக்கம் என்பதற்கு ஆப் எல்லாம் வேண்டாம். கரையில் நிற்கும் வள்ளத்தின் கொடியைப் பாருங்கள். விடிகாலையில் கிளம்பினால் பெரும்பாலும் காற்றும் தணிந்திருக்கும், வெயிலும் இருக்காது.

பாம்பன் சாலைப் பாலம் இதில் தனி ரகம். 1988-இல் திறந்தது, 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், மறைப்பே கிடையாது. ராமேஸ்வரம் போகும்போது கச்சான் வலப்பக்கமிருந்து அடிக்கும். நீங்கள் அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுவீர்கள். அந்த நேரம் ஒரு லாரி வலப்பக்கமாக முந்தும். காற்று சட்டென்று மறையும், சைக்கிள் லாரிப் பக்கமே போகும்! லாரிச் சத்தம் கேட்டதும் வேகத்தைக் குறைத்து ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடியுங்கள். பக்கத்தில் 1914-ஆம் வருடத்துப் பழைய ரயில் பாலத்தில், 2022 வரை ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். நாம் எந்த மூலை?

அப்புறம் முள். ராமநாதபுரத்துக்காரரிடம் சீமைக்கருவேலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? விறகு ஏற்றிய வண்டி போன சாலையோரத்தில் ஓட்டாதீர்கள். பஞ்சர் ஆனால் டியூபை ஒட்டியதோடு விடாமல், டயரின் உள்பக்கம் ஒரு துணியை விட்டுச் சுற்றித் துடையுங்கள். முள் நுனி உள்ளேயே இருந்தால் துணியில் மாட்டும். இதைச் செய்யாமல் ஒரே நாளில் இரண்டு முறை ஒட்டியவன் சொல்கிறேன்.

உப்புக்காற்றில் செயின் துருப்பிடிக்கும். நல்ல தண்ணீரில் துடைத்து, காயவைத்து, செயின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் தலைக்கு.

தனுஷ்கோடி வரை போகிறவர்கள் தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். அரிச்சல்முனைச் சாலையில் ஒதுங்க நிழல் கிடையாது.

தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து ஆட்களே, உங்கள் சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது. கச்சானில் நீங்கள் முதலில் எந்தப் பக்கம் கிளம்புவீர்கள்? கமெண்டில் சொல்லுங்கள், நான் அடுத்த வாரம் அங்கே வருகிறேன்.