கடல் பார்த்த வீடு

(வீடு கட்ட விரும்புவோருக்காகச் சென்னையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, அரங்கில் கூடியிருக்கும் நண்பர்களே, வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மனை இருக்கும். மீதிப் பேருக்கு அங்கே மனை வாங்கும் ஆசை இருக்கும். இரண்டும் இல்லாதவர்கள் ஏசிக்காக வந்திருப்பீர்கள். எல்லோரும் வாருங்கள்.

கடற்கரையில் வீடு கட்ட வருகிறவர்கள் எங்களைப் போன்ற கட்டடக் கலைஞர்களிடம் முதலில் சொல்வது ஒன்றுதான்: "சார், எங்கே நின்றாலும் கடல் தெரிய வேண்டும்." கூடத்தில் உட்கார்ந்தால் கடல், சாப்பாட்டு மேசையில் கடல், கட்டிலில் படுத்தால் கடல், குளிக்கும்போதும் கடல். நாங்களும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைத்துக் கொடுத்துவிடுகிறோம். கிரகப்பிரவேசத்தன்று வந்தவர்கள் எல்லாம் கண்ணாடிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வருடம் கழித்து அந்த வழியாகப் போய்ப் பாருங்கள். கண்ணாடி முழுவதும் கனமான திரை தொங்கும். நம் கரையில் சூரியன் கடலிலிருந்தே எழுகிறது. காலை ஆறு மணிக்கே வெயில் கட்டிலில் படுத்திருப்பவர் முகத்தில் அடிக்கிறது. வானத்தில் ஒரு சூரியன் போதாதென்று தண்ணீரில் இன்னொன்று. கோடி ரூபாய் கொடுத்துக் கடலை வாங்கி, அதைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

கடலைக் காட்டுவதற்குக் கட்டடக் கலைஞர் தேவையே இல்லை, கண்ணாடிக் கடைக்காரர் போதும். எந்த இடத்திலிருந்து காட்டுவது, எந்த நேரத்தில் மறைப்பது என்று முடிவு செய்வதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். இதைத்தான் இன்று சில வீடுகளை வைத்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதல் வீடு ஸ்பெயின் நாட்டின் மயோர்க்கா தீவில் இருக்கிறது. கட்டியவர் யோர்ன் உட்சன், டென்மார்க்காரர். சிட்னி ஆப்பரா ஹவுஸ் என்றால் உங்களுக்குத் தெரியும். 1957இல் அதற்கான போட்டியில் வென்றவர் அவர்தான். செலவு பற்றியும் வடிவமைப்பு பற்றியும் அரசோடு மூண்ட தகராறில் 1966இல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியேறினார். கட்டடம் 1973இல் திறக்கப்பட்டது. 2008இல் இறக்கும்வரை அவர் அதை நேரில் வந்து பார்க்கவில்லை. உலகமே படம் பிடிக்கும் ஒரு கட்டடத்தை அதைக் கற்பனை செய்தவர் முழுமையாகக் கண்ணால் காணவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. போகட்டும்.

அந்த மனிதர் எழுபதுகளின் தொடக்கத்தில் தனக்கும் மனைவிக்குமாக, போர்ட்டோபெட்ரோ என்ற ஊருக்கு அருகே, கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறை விளிம்பில் ஒரு வீடு கட்டினார். மனைவி பெயர் லிஸ். வீட்டின் பெயர் கான் லிஸ். அது ஒரே கட்டடமாக இல்லை. சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு கட்டு, உட்கார ஒரு கட்டு, படுக்க ஒரு கட்டு, விருந்தினருக்கு ஒரு கட்டு என்று தனித்தனியாக, பாறை விளிம்பையொட்டி வரிசையாக நிற்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் வெளியே வந்து வானத்தின் கீழ் நடக்க வேண்டும். கல் உள்ளூர் மணற்கல், பொன்னிறம். சுரங்கத்தில் வட்ட ரம்பத்தால் அறுத்த கோடுகள் கல்லின் முகத்தில் வளைவு வளைவாக அப்படியே தெரிகின்றன. பூசவில்லை, இழைக்கவில்லை. நம் ஊர் மேஸ்திரி பார்த்தால், "சார், பூச்சு வேலை பாக்கியா?" என்று கேட்பார்.

இப்போது கடலுக்கு வருவோம். சாலையிலிருந்து பார்த்தால் வெறும் கல் சுவர்தான். கதவைத் திறந்து உள்ளே போனால் எதிர்ச் சுவரில் பிறை வடிவத்தில் ஒரு திறப்பு இருக்கிறது, அதன் வழியாகக் கடல் கொஞ்சம் தெரிகிறது. அவ்வளவுதான். உட்காரும் கூடத்துக்குப் போனால் உயரமான அறை. கடல் பக்கம் ஐந்து ஜன்னல்கள். ஒவ்வொன்றும் சுவரிலிருந்து வெளியே நீண்ட ஆழமான மாடம் மாதிரி. எல்லாம் ஒரே திசையைப் பார்க்கவில்லை, ஒவ்வொன்றும் சற்றே வேறு கோணத்தில் திரும்பியிருக்கிறது. ஆகவே ஒரே கடல் ஐந்து துண்டாக வருகிறது. மாடம் ஆழமாக இருப்பதால் வெயில் அறைக்குள் பாய்வதில்லை, கல்லில் பட்டுத் தணிந்து வருகிறது.

இன்னொரு வேலை செய்திருக்கிறார், அதைக் கவனியுங்கள். கண்ணாடிச் சட்டத்தைச் சுவருக்குள் பதிக்காமல் சுவரின் வெளிமுகத்தில் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டார். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கண்ணில் மரச்சட்டம் படுவதே இல்லை. கல் முடிகிறது, கடல் தொடங்குகிறது. கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகமே வந்துவிடும். மேற்குச் சுவரில், மிக உயரத்தில், ஒரு சிறிய கீற்று விட்டிருக்கிறார். பிற்பகலில் சிறிது நேரம் மட்டும் அதன் வழியாக ஒரு வெயில் கோடு சாய்வாகக் கல்லில் விழுந்து, மெல்ல நகர்ந்து, மறைந்துவிடும். கடலுக்காகக் கட்டிய வீட்டில், கடலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு நேரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்.

இத்தனை கவனமாகக் கட்டிய வீட்டில் அவரால் கடைசிவரை இருக்க முடியவில்லை என்பதுதான் இந்தக் கதையில் முக்கியமான பகுதி. வருடக்கணக்கில் கடலின் ஒளி கண்ணில் பட்டுப் பட்டுப் பார்வைக்குத் தொல்லையானது. வீட்டைப் பார்க்க வரும் கட்டடக்கலை ரசிகர்களின் தொல்லை வேறு. தொண்ணூறுகளில் அதே தீவில், உள்ளே தள்ளி, மலைச் சரிவில் கான் ஃபெலிஸ் என்ற இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கிருந்தும் கடல் தெரியும், தொலைவில். ஆழமான மாடங்கள் அமைத்த மேதையின் கண்ணுக்கே கடல் ஒளி தாங்கவில்லை என்றால், மகாபலிபுரத்தில் இருபதடிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரப் போகிற நாம் எம்மாத்திரம்?

பிரான்ஸில், இத்தாலி எல்லைக்கு அருகே, ரோக்ப்ரூன் என்ற இடத்தில் இன்னொரு வீடு. அயர்லாந்தில் பிறந்த ஐலீன் கிரே என்ற அம்மையார் 1926 முதல் 1929 வரை கட்டினார். கட்டடக்கலையை முறைப்படி படித்தவர் இல்லை. அரக்குப் பூச்சுக் கலையும் மரச்சாமான் வடிவமைப்பும்தான் அவருடைய தொழில். ஒருவேளை அதனால்தான் வீட்டில் இருப்பவர் உடம்பு எங்கே சாயும், கை எங்கே நீளும் என்று முதலில் யோசித்தார். வெயில் எந்த மணிக்கு எந்த அறைக்கு வரும் என்று கணக்கிட்டு, மடித்து ஒதுக்கும் ஜன்னல்களும் நகர்த்தும் மரத்தட்டிகளும் அமைத்தார். மொட்டை மாடிக் கைப்பிடியில் கப்பல் பாய்த்துணி கட்டினார். குளிர் வந்தால் கழற்றிவிடலாம், கால்களுக்கு வெயில் கிடைக்கும். வாசல் சுவரில் 'மெதுவாக உள்ளே வாருங்கள்' என்று பிரெஞ்சில் எழுதி வைத்தார். கடலை நோக்கி ஓடாதீர்கள் என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வீட்டின் வெள்ளைச் சுவர்களில் 1938, 39இல் லெ கார்புசியே, ஆம், நம் சண்டிகரை வடிவமைத்தவரேதான், கிரேயின் அனுமதி இல்லாமல் பெரிய பெரிய ஓவியங்களை வரைந்து வைத்தார். கிரே அம்மையாருக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. பிறகு கார்புசியே அந்த வீட்டுக்கு மேலேயே, பக்கத்துக்கு 3.66 மீட்டர் மட்டுமே அளவுள்ள ஒரு மரக் குடிலைத் தனக்குக் கட்டிக்கொண்டார். 1965 ஆகஸ்டில் கீழே கடலில் நீந்தப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. உலகத்துக்கே நகரம் வரைந்து கொடுத்தவர் தனக்கென்று கடல் ஓரத்தில் கட்டிக்கொண்டது ஒரே ஒரு சிறிய அறை. அதில் ஜன்னல்களும் சிறியவை. ஓவியத்துக்காக அவரை நான் மன்னிக்கவில்லை, ஆனால் இந்த அறைக்காகக் கொஞ்சம் மதிக்கிறேன்.

காற்றைப் பற்றிப் பேச வேண்டுமானால் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டும். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சீ ராஞ்ச் என்ற குடியிருப்பு, பத்து மைல் நீளக் கடற்கரை. ஆட்டுப் பண்ணையாக இருந்த நிலம். அறுபதுகளில் லாரன்ஸ் ஹால்பிரின் என்ற நிலவடிவமைப்பாளர் முதலில் காற்று எப்படி வீசுகிறது என்று படித்தார். பழைய பண்ணைக்காரர்கள் காற்றைத் தடுக்க வரிசையாக சைப்ரஸ் மரங்களை நட்டிருந்தார்கள். வீடுகளை அந்த வரிசைகளை ஒட்டி வையுங்கள், நடுவே புல்வெளியை எல்லோருக்கும் பொதுவாக விடுங்கள் என்பது திட்டம். 1965இல் மூர், லிண்டன், டர்ன்புல், விட்டேக்கர் ஆகிய நால்வர் அங்கே கட்டிய பத்து வீட்டுத் தொகுதியில், கூரை காற்றின் போக்கிலேயே சாய்கிறது. காற்று பிடித்துத் தூக்கிவிடும் என்பதால் கூரை விளிம்பை, அதாவது இறவாணத்தை, சுவருக்கு வெளியே நீட்டவில்லை. மரத்துக்குச் சாயம் பூசவில்லை, கடற்காற்றே அதைச் சாம்பல் நிறமாக்கிவிட்டது.

கட்டடம் பேர் வாங்கியது. கூடவே சண்டையும் வந்தது. பத்து மைல் கரையைத் தனியார் வளைத்துக்கொண்டால் ஊர்க்காரன் எந்த வழியாகக் கடலுக்குப் போவான்? இந்தக் கேள்வி கலிபோர்னியாவில் பெரிய இயக்கமாக வளர்ந்தது. 1972இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் கடற்கரைக் காப்பு ஆணையம் அமைந்ததற்கு சீ ராஞ்ச் தகராறும் ஒரு காரணம். பல வருட வழக்குக்கும் இழுபறிக்கும் பிறகு பொதுமக்களுக்கு நடைபாதைகள் விடப்பட்டன. நல்ல கட்டடக் கலைஞர்கள் நால்வர் சேர்ந்தாலும் இந்தக் கேள்விக்கு வரைபடத்தில் பதில் இருக்காது.

இலங்கையில் ஜெஃப்ரி பாவாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் கோபித்துக்கொள்வீர்கள். வழக்கறிஞராக இருந்து முப்பது வயதுக்குப் பிறகு படித்து, 38 வயதில் கட்டடக் கலைஞர் ஆனவர். அவருடைய அலுவலகத்தில் பங்குதாரராக இருந்து கணக்குப் போட்டுக் கட்டடங்களை நிற்க வைத்த பொறியாளர் பூலோகசுந்தரம் ஒரு தமிழர். அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். மிரிஸ்ஸவில், வெலிகம விரிகுடாவுக்கு மேலே உள்ள குன்றில் பாவா தன் கடைசிக் காலத்தில் கட்டிய வீடு நான் இதுவரை சொன்னதற்கு நேர் எதிர். மெல்லிய இரும்புத் தூண்கள்மேல் ஒரு கூரை, சுவரே இல்லை, மூன்று பக்கமும் கடல். ஆனால் அங்கே கண்ணாடியும் இல்லை! நிழலும் காற்றும்தான் இருக்கின்றன. படுக்கை அறைகளைக் கீழே, அடக்கமாக வைத்துவிட்டார். எல்லாம் தெரிய வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். திண்ணையைத் திறந்து விடுங்கள், அறையை மூடுங்கள்.

நம் கரைக்கும் இது அப்படியே பொருந்தும். கிழக்கே ஒரு அகலமான தாழ்வாரம் வையுங்கள். பிற்பகலில் வீட்டின் நிழலே அதன்மேல் விழும், கடற்காற்று வரும், வெயில் உங்கள் முதுகுப் பக்கம் போய்விட்டதால் கடல் கரு நீலமாகத் தெரியும். கண் கூசாது. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துத் தலைவி வெட்டவெளி மணலில் நின்று கடலைப் பார்ப்பதைவிடக் கானல் என்ற கடற்கரைச் சோலையிலும் புன்னை நிழலிலும் நின்று பார்ப்பதே அதிகம். அந்தப் புன்னை இன்றும் உப்புக்காற்றைத் தாங்கும். அதை வெட்டிவிட்டுப் பனை போன்ற ஏதோ வெளிநாட்டு மரத்தை நட்டு, அது கருகியதும் தோட்டக்காரரைத் திட்டுகிறோம்.

அழகு பேசியது போதும், உப்பு பேசுவோம். கடற்கரை வீட்டைக் கொல்வது அலை இல்லை, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. உப்பு உள்ளே ஊறிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் வெடித்து உதிரும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 கடலோரச் சூழலுக்குக் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடாக்கு வேண்டும் என்கிறது. கடல் நீர்த்துளி தெறிக்கும் இடத்தில் 50. வேலை நடக்கும் இடத்தில் என்ன நடக்கிறது? கையில் கிடைத்த ஜல்லித் துண்டைக் கம்பிக்கு அடியில் செருகிவிட்டு ஊற்றுகிறார்கள். அதைவிடக் கொடுமை, மனையிலேயே போர் போட்டு, வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீரை வைத்தே கலவை கலப்பது. இத்தாலியப் பளிங்குக்கு மூன்று முறை கடை ஏறி இறங்குகிறவர்கள், கான்கிரீட் போடும் நாளில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த மூடாக்கை அளந்து பார்ப்பதில்லை.

கேள்வி நேரத்தில் ஓர் அம்மா எழுந்து, "நாங்கள் மனை பார்த்திருக்கிறோம், அட்வான்ஸ் கொடுக்கலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

"அம்மா, மே மாதத்தில் காலை ஏழு மணிக்கு ஒரு தடவை அந்த மனையில் போய் நில்லுங்கள். ஐப்பசி மழையில் ஒரு தடவை போங்கள். பக்கத்து வீட்டு கேட்டின் கீழ்க் கீலைப் பாருங்கள், எத்தனை வருடத்து கேட் என்று கேளுங்கள், உப்பின் வேகம் தெரிந்துவிடும். பிறகு குப்பத்துக்குப் போய், 2004 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது, எந்தக் கிணறு இன்னும் இனிக்கிறது, படகை எந்த வழியாக இழுக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் இழுக்கும் வழி உங்கள் மனைக்குள் வந்தால் அந்த மனை வேண்டாம். கடைசியாக, கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் உயர் அலைக் கோடு, அதாவது ஓதம் ஏறும்போது கடல் எட்டும் எல்லை, எங்கே போகிறது என்று பாருங்கள். 2019 அறிவிக்கைப்படி ஊரகப் பகுதிகளில் மக்கள் அடர்த்தியைப் பொறுத்து அங்கிருந்து 50 மீட்டரோ 200 மீட்டரோ கட்டக் கூடாத நிலம். தரகர் 'அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொன்னால், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகு."