சோறா, ஐசியா? மலேசியா சுங்கை சிப்புட் பட்டிமன்றத்துல நான் பேசுனது

நடுவர் ஐயாவுக்கும், எதிரணி அண்ணன் அக்காமாருக்கும், தோட்டத்துல இருந்து மோட்டார்ல வந்து பின்னாடி நின்னுக்கிட்டே கேக்குற தம்பிங்களுக்கும் வணக்கம். கைவிடப்பட்ட பிள்ளைங்களை வச்சுப் பாக்குற இல்லத்தோட முதல் வேலை சோறும் கூரையும் குடுக்கிறதா, பிறப்புப் பத்திரமும் ஐசிங்கிற அடையாள அட்டையும் எடுத்துக் குடுக்கிறதா? நான் ஐசி பக்கம்.

முன்னாடி பேசுன அண்ணன், பசியில அழுவுற பிள்ளைகிட்ட பேப்பரையா நீட்டுவீங்கன்னு கேட்டாரு, எல்லாரும் கை தட்டுனீங்க. ஆனா அண்ணே, நம்ம ஊருல சோத்துக்கு ஆள் இருக்கு. தீபாவளி வாரத்துல வந்து பாருங்க, ஒரே மத்தியானத்துல மூணு குடும்பம் பிரியாணி கொண்டாந்து இறக்கும், மனசார செய்றாங்க, அவங்க நல்லா இருக்கணும். அதே இல்லத்து ஆளுங்க நாங்க ஒரு செவ்வாக்கிழமை காலையில லீவு போட்டுட்டு ஒரு பிள்ளைய ஈப்போ பதிவு இலாகாவுக்குக் கூட்டிட்டுப் போக முடியுமான்னு கேட்டா, போன் எடுக்க ஆளில்ல.

பேப்பர் இல்லாம ஒரு பிள்ளை எப்படி வருதுன்னு கேக்குறீங்களா? 1982 மார்ச் 1-லேருந்து நம்ம கல்யாணத்தைப் பதிஞ்சே ஆகணும், ஆனா தோட்டத்துக் கோயில்ல தாலி கட்டுனதோட நிறுத்திட்ட ஜோடிங்க எத்தனையோ. பதியாத கல்யாணத்துல பொறந்த பிள்ளைக்கு அப்பாவோட குடியுரிமை வராது, அம்மாவோடதுதான் வரும். அந்த அம்மா பிள்ளைய பாட்டிகிட்ட விட்டுட்டு ஜோகூருக்கு வேலைக்குப் போனவ, திரும்பி வரல. பாட்டியும் போய்ச் சேந்துட்டா பிள்ளை பஸ் ஸ்டேசன்ல நிக்குது, அங்கேருந்து எங்ககிட்ட வருது.

இதுல எனக்கு ஆறவே ஆறாத ஒண்ணு இருக்கு நடுவர் ஐயா. பெத்தவங்க யாருன்னே தெரியாம கண்டெடுத்த பச்சைக் குழந்தைக்கு அரசியலமைப்புச் சட்டம் இரண்டாவது அட்டவணை 19பி பிரிவுல குடியுரிமைக்கு ஒரு வழி வச்சிருக்கு. ஆனா அம்மா பேரு தெரியும், ஆளத்தான் காணோம்னு நிக்கிற ஏழு வயசுப் பிள்ளைக்கு அந்த வழி இல்ல, ஒவ்வொரு பேப்பரா நாமதான் தேடிக் கோக்கணும்.

எதிரணி அக்கா, அதெல்லாம் அரசாங்கத்து வேலை, இல்லத்து வேலை அன்பு காட்டுறதுன்னாங்க. அக்கா, 2001 சிறார் சட்டப்படி அதிகாரி காப்பாத்துன பிள்ளைய 24 மணி நேரத்துக்குள்ள கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க, கோர்ட்டு இல்லத்துல விடச் சொல்லுது, சரி. அதுக்கப்புறம் அந்தம்மா பிரசவம் பாத்த ஆஸ்பத்திரி ரெக்கார்டு, கர்ப்பத்துல கிளினிக்ல குடுத்த பிங்க் புக், பக்கத்து லயத்து வரிசை வீட்டுல இருந்த சாட்சி, இதெல்லாம் தேடி தோட்டம் தோட்டமா அலையிற வேலை இல்லத்து ஆளுங்க தலையிலதான் விழுது. அதுவும் பாதித் தோட்டம் இப்ப தாமான், அதான் புதுக் குடியிருப்பு, ஆயிருச்சு, லயத்து ஆளுங்க ஆளுக்கொரு பக்கம் போய்ட்டாங்க.

எங்ககிட்ட ஒரு பையன். 12 வயசு, கிளாஸ்ல எல்லாரும் மைகாட், அதான் ஐசி, எடுத்துட்டு வந்து போட்டோவக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு இருக்கிறப்ப, இவன் மட்டும் பென்சில் பெட்டியத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு இருந்தானாம், டீச்சர்தான் சொன்னாங்க. கால்பந்துல கெட்டிக்காரன். வெளியூர் ஆட்டத்துக்குப் பேரு குடுக்க ஐசி நம்பர் கேட்டாங்க, அதோட வெளையாடப் போறதையே விட்டுட்டான். அண்ணைக்கு ராத்திரி வயிறு நெறையத்தான் சாப்பிட்டான் அண்ணே.

2019-லேருந்து அப்பா அம்மால ஒருத்தராவது மலேசியர்னா பத்திரம் இல்லாத பிள்ளையும் அரசாங்கப் பள்ளியில சேரலாம், நல்ல விசயம். ஆனா 18 முடிஞ்சு இல்லத்த விட்டு வெளிய போறவனுக்கு ஐசி இல்லாம பேங்க் கணக்கு இல்ல, லைசென்ஸ் இல்ல, சொக்சோங்கிற தொழிலாளர் காப்புறுதி இல்ல, அவனை யாரு வேலைக்கு வைப்பா? கார் வாஷ்ல கையில காசு குடுக்கிறவனும், ராத்திரியில வேற வேலைக்குக் கூப்பிடுறவனுந்தான் ஐசி கேக்க மாட்டான். ரோட்டுலேருந்து தூக்கிட்டு வந்து பத்து வருசம் சோறு போட்டு, மறுபடி அதே ரோட்டுலயா விடுறது?

இந்த மண்டபத்துல பழைய தோட்டத்துப் பெரியவங்க நெறைய உக்காந்திருக்கீங்க. யாரு மக, யாருக்கு எந்த லயத்துல பொறந்தா, யாரு கட்டுனான்னு உங்களுக்குத் தெரியும். சத்தியப் பிரமாணக் கடிதத்துல நீங்க போடுற ஒரு கையெழுத்து எங்களுக்கு வேணும். பேச்சு முடிஞ்சதும் வாசல் மேசைகிட்ட பிள்ளைங்க ஃபைலோட நிப்பேன், தீர்ப்பு எப்படி வந்தாலும் பரவால்ல, வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போங்க.