பழைய கணக்கும் புதுக் கம்ப்யூட்டரும்

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் 20 வருடங்களுக்கு மேலாகக் கடைகளுக்கும் அச்சகங்களுக்கும் கம்ப்யூட்டர் பழுது பார்த்து வருகிறேன். சமீப காலமாக என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒரே விஷயம்தான்: "புதுக் கம்ப்யூட்டர் வாங்கிட்டோம், பழைய புரோகிராம் ஓட மாட்டேங்குது." விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் பலரும் விண்டோஸ் 11-க்கு மாறுகிறார்கள். மாறும்போது எதைத் தொலைக்கக்கூடாது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடை. அங்கே கணக்கு பார்க்கிற அண்ணாச்சிக்கு 60 வயதுக்கு மேல். 1990-களில் யாரோ ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய மென்பொருளில் எழுதிக் கொடுத்த புரோகிராமில்தான் இன்னும் பில் போடுகிறார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸே கிடையாது. மூட்டைக் கணக்கு, தள்ளுபடி, லாரி வாடகை எல்லாம் விரல் நுனியில் ஓடும். லோடுமேன் மூட்டையை இறக்கி நிமிர்வதற்குள் பில் கிழித்துக் கொடுத்துவிடுவார். முதலாளியின் மகன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, பழைய ஃபோல்டரை அப்படியே அதில் போட்டிருக்கிறார். திறந்தால், இது உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது என்று ஒரு நீலப் பெட்டி வந்து நிற்கிறது.

"தம்பி, புது சாஃப்ட்வேர் வாங்கிரலாம்ங்கிறாங்க. எனக்கு இது கையில பழகிப்போச்சுய்யா" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும், அந்த புரோகிராமை எப்படியாவது ஓட வைத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

காரணம் இதுதான். அது 16 பிட் காலத்துப் புரோகிராம். 32 பிட் விண்டோஸுக்குள், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் புரோகிராம்களுக்கென்று ஒரு தனி அறை இருந்தது. 64 பிட் விண்டோஸில் அந்த அறை கிடையாது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். புரோகிராம் கெட்டுப்போகவில்லை, அது குடியிருந்த அறையை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அப்படியென்றால் நாமே ஓர் அறை கட்டிக் கொடுத்தால் போதும். டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் அந்த வேலையைச் செய்யும். பழைய ஃபோல்டரை அதற்குள் 'சி' டிரைவாகக் காட்டினால், உள்ளே இருக்கிற புரோகிராம் தான் பழைய டாஸ் கம்ப்யூட்டரில் ஓடுவதாகவே நினைத்துக்கொள்ளும். ஆனால் டாஸ்பாக்ஸ் முதலில் விளையாட்டுகளுக்காகச் செய்யப்பட்டது. பில் அடிக்க வேண்டுமென்றால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ், வீடாஸ் போன்றவை பொருத்தம், அவற்றில் அச்சு வசதி உண்டு. இரண்டு கம்ப்யூட்டரிலிருந்து ஒரே கணக்கில் எழுதுகிற கடையாக இருந்தால், நன்றாகச் சோதித்துப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

அந்த புரோகிராமே ஒரு நாள் அடியோடு நின்றாலும் கணக்கு போய்விடாது. ஃபாக்ஸ்ப்ரோ கணக்குகள் டிபிஎஃப் கோப்புகளில் இருக்கும். லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற இலவச மென்பொருளில் அவற்றைத் திறந்து பார்க்கலாம். கூடவே எஃப்பிடி என்று முடிகிற கோப்புகள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே எடுத்து வையுங்கள். நீண்ட குறிப்புகள் அதில்தான் இருக்கும்.

அடுத்தது விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் புரோகிராம்கள். இவை பெரும்பாலும் ஓடிவிடும். ஐகானில் வலது பக்கம் அழுத்தி, ப்ராப்பர்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குப் போய், பழைய விண்டோஸ் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. நானே ஒரு தடவை அதில் விழுந்து ஒரு கடைக்காரரைக் கலங்க வைத்திருக்கிறேன். அந்தக் காலத்துப் புரோகிராம்கள் கணக்கைத் தங்கள் ஃபோல்டரிலேயே, அதாவது புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுதும். எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸான விஸ்டா வந்த பிறகு அங்கே எழுத அனுமதி இல்லை. விண்டோஸ் சத்தமில்லாமல் அந்தக் கணக்கை விர்ச்சுவல் ஸ்டோர் என்ற மறைவான ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். நான் புரோகிராம் ஃபோல்டரை மட்டும் நகல் எடுத்துப் புது மெஷினில் போட்டேன். திறந்தால் மூன்று வருடத்துக் கணக்கைக் காணோம். கடைக்காரர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, பழைய ஹார்டு டிஸ்க்கை அழிக்கவில்லை. யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல் ஸ்டோர். முழுக் கணக்கும் அங்கே பத்திரமாக இருந்தது. அன்றிலிருந்து பழைய புரோகிராம் எதையும் நான் புரோகிராம் ஃபைல்ஸில் போடுவதில்லை. 'டி' டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு அதில்தான் வைக்கிறேன்.

அச்சகக்காரர்களுக்கு வேறு கஷ்டம். கல்யாணப் பத்திரிகையின் பழைய ஃபைலைத் திறந்தால் தமிழே தெரியாது. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதில் நம் ஆட்கள் தமிழ் அடித்தது பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில். அவற்றில் தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும். பார்க்கிறவர் ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடுகிறார். தயவுசெய்து அழிக்காதீர்கள். பழைய கம்ப்யூட்டரின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முதலில் நகல் எடுங்கள். அந்த எழுத்துருக்களைப் புதியதில் போட்டால் எழுத்து திரும்பி வந்துவிடும். நேரம் கிடைக்கும்போது, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு இலவச மாற்றிகள் இருக்கின்றன. தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது.

எதற்கும் மசியாத புரோகிராம் இருந்தால், கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்குகிற விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு அதற்குள் பழைய எக்ஸ்பியையே ஓட்டலாம். உங்களிடம் எக்ஸ்பி சிடியும் உரிமமும் இருக்க வேண்டும். அதற்கு இணைய இணைப்பு மட்டும் கொடுக்கவே கூடாது. எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது 2014 ஏப்ரல் 8-இல். அதற்குப் பிறகு தெரியவந்த பாதுகாப்பு ஓட்டைகளை வழக்கமாக அடைக்க ஆள் இல்லை.

அண்ணாச்சி கடைக்கு வருகிறேன். புது மெஷினில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கான பழைய போர்ட் இல்லை. யூஎஸ்பி கேபிள் ஒன்று வாங்கி மாட்டினோம். முதல் இரண்டு பில்லில் தொகை வரி ஓரத்தில் தள்ளிப்போய் விழுந்தது. மூன்றாவது சரியாக வந்தது. ஆனாலும் பழைய மெஷினைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதத்துக்கு இரண்டிலும் பில் போட்டு, ராத்திரி கடை சாத்தும்போது இரண்டு மொத்தத்தையும் ஒத்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்பதாவது நாள் 40 ரூபாய் இடித்தது. அண்ணாச்சியே உட்கார்ந்து தேடி, ஒரு பில்லில் லாரி வாடகை இரண்டு தடவை ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தார். நீங்களும் அப்படி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு அப்புறம் பழையதை அணையுங்கள். அணைக்கும் முன், கணக்கை இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டு பீரோவிலும் வையுங்கள். வணக்கம்.