முள்ளுக்கு இந்தப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். அரியலூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 'நர்சம்மா' என்றால்தான் ஊரில் தெரியும்.

2020 மார்ச் 25. ஊரடங்கின் முதல் நாள். சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டு ஊருக்குள் வரும் ரோட்டையே அடைத்துவிட்டார்கள் எங்கள் இளவட்டங்கள். பக்கத்தில் ஒரு அண்டா மஞ்சள் தண்ணீர், முள்ளின் மேலே வேப்பிலைக் கொத்து. கொரோனாவுக்கு வேப்பிலை எதற்கென்று நான் மல்லுக்கு நிற்கவில்லை. அம்மை போட்ட வீட்டு வாசலில் செருகுவோமே, 'தள்ளி நில்' என்று அது சொல்வது எல்லாருக்கும் புரியும்.

ஏப்ரலில் ரேஷன் கடையில் கார்டுக்கு 1000 ரூபாய் கொடுத்தார்கள். வாசலில் சுண்ணாம்பு வட்டம். வட்டத்துக்கு ஒன்றாகச் செருப்பும் பையும் இடைவெளி விட்டு ஒழுங்காக வரிசையில் நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் மரத்தடியில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து கதை பேசினார்கள்!

மே 5ஆம் தேதி கோயம்பேடு சந்தையை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கப் போயிருந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கிடைத்த லாரியில் ஏறி ராத்திரியோடு ராத்திரியாக வந்து இறங்கினார்கள். இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: "முள்ளை எடுடா, நான்தான்." முள்ளை வெட்டிப் போட்ட பையனின் கூடப்பிறந்த அண்ணன். எடுக்கவும் முடியாமல், போ என்று சொல்லவும் வாய் வராமல் எனக்குப் போன் அடித்தான். பள்ளிக்கூடத்தைத் திறந்து பதினான்கு நாள் தங்க வைத்தோம். தினமும் அந்தப் பிள்ளையின் அம்மா தூக்குவாளியைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்துவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை புளியமரத்தடியில் நிற்பார்.

அவனுக்குத் தொற்று உறுதியானது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் குணமாகித் திரும்பியும் வந்தான். ஆனால் 'கொரோனா வீடு' என்ற பேர் மட்டும் போகவில்லை. அந்த வீட்டு மாட்டுப் பாலை வாங்க ஆளில்லை. காய்ச்சிக் குடிக்கிற பாலில் எந்தக் கொரோனாவும் வராது என்று வீடு வீடாகச் சொன்னேன். சொன்ன நானே இரண்டு நாள் பாலை வேறு வீட்டில்தான் வாங்கினேன். எதற்கு மறைக்க?

மூன்றாம் நாள் காலை சொம்போடு போய் நின்றேன். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அரை லிட்டரை அளந்து ஊற்றிக்கொண்டே கேட்டார்:

"ரெண்டு நாளா டீ குடிக்கலியா நர்சம்மா?"