வீட்டுப் பத்திரத்தில் தொடங்கிய செய்தி

நண்பர்களே, வலைப்பதிவர்கள் வந்து பத்திரிகைக்காரர்களை ஓரங்கட்டிவிட்டார்கள் என்று பேசுபவர்கள் அடிக்கடி சொல்லும் பெயர், அமெரிக்காவின் ஜாஷ் மார்ஷல். அந்தக் கதையில் பாதியைத்தான் சொல்கிறார்கள். மீதியையும் கேளுங்கள்.

2000 நவம்பரில், அதிபர் தேர்தலின் ஃபுளோரிடா வாக்கு எண்ணிக்கைத் தகராறின்போது மார்ஷல் தனியாளாகத் தொடங்கிய வலைப்பதிவு 'டாக்கிங் பாயின்ட்ஸ் மெமோ'. 2006 டிசம்பர் 7 அன்று புஷ் அரசு ஏழு மத்திய அரசு வழக்கறிஞர்களைப் பதவி விலகச் சொன்னது. அந்தந்த ஊர்ப் பத்திரிகையில் தனித்தனிச் செய்தியாக வந்தவற்றைச் சேர்த்துப் பார்த்து, இது தற்செயல் இல்லை என்று விடாமல் எழுதியது மார்ஷலின் சிறு குழு. 2007 மார்ச்சில் அரசின் நீதித்துறை அமைச்சகம் இந்தப் பதவி நீக்கங்கள் பற்றிய ஏறத்தாழ 3,000 பக்க ஆவணங்களை ராத்திரி நேரத்தில் கொண்டுவந்து கொட்டியது. மார்ஷல் குழு வாசகர்களைத் துணைக்கு அழைத்தது. ஆளுக்குச் சில பக்கங்கள் எடுத்துப் படித்து, கண்ணில் பட்டதை எழுதி அனுப்பினார்கள். ஆகஸ்டில் அந்த அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல் ஆல்பர்ட்டோ கொன்சாலஸ் பதவி விலகலை அறிவித்தார். 2008 பிப்ரவரியில் மார்ஷலுக்கு ஜார்ஜ் போல்க் பத்திரிகையாளர் விருது. அருமையான வேலை, சந்தேகமே இல்லை.

சரி, நீக்கப்பட்டவர்களில் ஒருவர் சான் டியாகோவின் கேரல் லாம். ராண்டி கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் மீது லஞ்ச வழக்கு நடத்தியது அவருடைய அலுவலகம். அந்த லஞ்சம் எப்படி வெளியே வந்தது? 'சான் டியாகோ யூனியன் டிரிப்யூன்' பத்திரிகையை நடத்திய காப்லி குழுமத்தின் வாஷிங்டன் நிருபர் மார்கஸ் ஸ்டெர்ன், சொத்துப் பதிவுகளைப் புரட்டினார். கன்னிங்ஹாம் தன் வீட்டை 16,75,000 டாலருக்கு விற்றிருந்தார். வாங்கியது ஒரு ராணுவ ஒப்பந்தக்காரரின் நிறுவனம். அதே வீட்டை அந்த ஒப்பந்தக்காரர் 7 லட்சம் டாலர் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டார். ஊரில் வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் யார் அப்படி விற்பார்கள்? வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம்தான் லஞ்சம். 2005 ஜூனில் செய்தி வந்தது. நவம்பரில் கன்னிங்ஹாம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இப்படிப் பத்திரங்களைத் தேடிக்கொண்டிருக்க மாதச் சம்பளம் வேண்டும். ஒன்றும் சிக்காத வாரத்திலும் பொறுத்துக்கொள்ளும் ஆசிரியர் வேண்டும். யாராவது வழக்குப் போட்டால் பின்னால் நிற்க ஒரு வக்கீல் வேண்டும். தனியாக எழுதுபவருக்கு இவை வாய்ப்பது அரிது. அவருடைய பலம் பிடிவாதம். அப்புறம், கூடவே படிக்கும் வாசகர்கள்.

பத்திரிகையின் வருமானத்தைக் கரைத்ததும் மார்ஷல் போன்றவர்கள் இல்லை. வீடு வாடகைக்கு, வேலைக்கு ஆள் தேவை என்று வந்துகொண்டிருந்த வரி விளம்பரங்களை கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற தளங்கள் இழுத்துக்கொண்டன. கன்னிங்ஹாம் செய்திக்காக 2006இல், பத்திரிகையாளர்களுக்கான புலிட்சர் பரிசில் பங்கு பெற்ற காப்லியின் அந்த வாஷிங்டன் அலுவலகம், மார்ஷல் விருது வாங்கிய அதே 2008இல் மூடப்பட்டது. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

இங்கே வலைப்பதிவு நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். உள்ளூர் நிருபர் தோண்டியெடுத்ததை எடுத்து எழுதினால், அவர் பெயரையும் பத்திரிகையின் பெயரையும் முதல் பத்தியிலேயே போடுங்கள். பத்திரிகைக்காரர்களே, வலைப்பதிவர் கண்டுபிடித்ததை நீங்கள் எடுக்கும்போதும் அவர் பெயரைப் போடுங்கள். முடிந்தவர்கள் உங்கள் ஊர்ப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுங்கள்.