கோழிக்குக் காவல் நாய்: முதல் ரெண்டு வருஷம் நாயைத்தான் காவல் காக்கணும்

வணக்கம் மக்களே. செவலை, தள்ளு… லென்ஸை நக்காதடி. இவளைத்தான் போன வீடியோல எல்லாரும் கேட்டிருந்தீங்க. "கோழி நடுவுல இப்படிச் சிவனேன்னு படுத்திருக்காளே, எப்படிப் பழக்குனீங்க, எங்க வீட்டு நாய் கோழியைப் பாத்தா கயித்தை அறுக்குதே"ன்னு. இன்னிக்கு அதைப் பேசிருவோம்.

மொதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இவ வந்த புதுசுல என் கோழியைக் கொன்னது கீரியும் இல்ல, மரநாயும் இல்ல. இவதான். அப்ப இவளுக்கு எட்டு மாசம். நல்ல வெடக்கோழி ஒண்ணு. கடிச்ச காயமே இல்ல. துரத்தித் துரத்தி விளையாடி, முன்னங்காலால அமுக்கி, அது அடங்குனதும் "ஏன் எந்திரிக்க மாட்டேங்குது"ன்னு மூக்கால தள்ளிக்கிட்டு நிக்கிறா. தப்பு என்னோடது. போன் வந்துச்சு, பத்து நிமிஷம் உள்ள போயிட்டேன். அவ்வளவுதான்.

இது ஏன்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. நாயோட வேட்டைங்கறது ஒரே செயல் இல்ல, ஒரு சங்கிலி. உத்துப் பாக்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், அப்புறம்தான் கொல்லும். ஆடு மேய்க்கிற நாய்ங்க துரத்துறதோட நிக்கிற மாதிரி தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்தது. மந்தைக்குக் காவல் இருக்கிற மாரெம்மா, கிரேட் பிரனீஸ், அனடோலியன் ஷெப்பர்ட் மாதிரி இனங்கள்ல அந்தச் சங்கிலியே மங்கலா இருக்கும். ஆனா அதுங்க பழகுனது ஆட்டோட. கோழி சட்டுனு சிறகடிக்கும், கத்தும், ஓடும். எந்த நாய்க்கும் அது "வா, துரத்து"ன்னு கூப்பிடற மாதிரிதான். அதனால இனத்தை மட்டும் நம்பிக் குட்டியைக் கோழிகளோட விட்டுட்டுத் தூங்கப் போயிடாதீங்க. இவ கலப்புதான், எந்த ஜாதின்னு எனக்கும் தெரியாது.

அதுக்காக நாய் கோழியைக் காக்காதுன்னு நான் சொல்லல. ஆஸ்திரேலியாவுல வாரனாம்பூல்னு ஒரு ஊர், பக்கத்துல மிடில் ஐலேண்ட்னு ஒரு குட்டித் தீவு. கடல் வத்துறப்ப நரி அப்படியே நடந்துபோய் அங்க இருந்த பெங்குவினை எல்லாம் (உருவத்துலயே சின்ன ஒரு ரகம்) தின்னு தீர்த்துருச்சு. நூத்துக்கணக்குல இருந்தது, 2005 வாக்குல பத்துகூடத் தேறல. அப்ப ஒருத்தர் மாரெம்மா நாயை விட்டுப் பாக்கலாம்னு யோசனை சொன்னார். யார் தெரியுமா? தன்னோட கோழிகளை நரிகிட்ட இருந்து அந்த நாயை வெச்சே காப்பாத்திக்கிட்டிருந்த ஒரு கோழிப் பண்ணைக்காரர்! 2006-ல நாயைத் தீவுல கொண்டுபோய் விட்டாங்க, பெங்குவின் மறுபடி பெருகுச்சு. ஆனா 2017-ல கடல் கொந்தளிச்சு நாய்ங்க தீவுல இல்லாத நேரம் பாத்து நரி திரும்பவும் புகுந்துருச்சு. நாய் அங்க இருக்கற வரைக்கும்தான் காவல், இல்லையா.

சரி, பழக்கத்துக்கு வருவோம். குட்டி மூணு வாரத்துல இருந்து மூணு, நாலு மாசம் வரைக்கும் என்ன பாக்குதோ அதைத் தன் உலகம்னு எடுத்துக்கும். அந்த நேரத்துல கோழிச் சத்தம், வாடை எல்லாம் பழகிடணும். நடுவுல வலை வெச்சு, அந்தப் பக்கம் கோழி, இந்தப் பக்கம் குட்டி. வளந்த சேவல் ஒண்ணு ரெண்டு தடவை கொத்துனா நல்லதுதான், குட்டியோட கண்ணுல மட்டும் கொத்திடாம பாத்துக்கோங்க. அப்புறம் தினம் காலைல, சாயங்காலம் கயிறு கட்டி வேலியை ஒரு சுத்து. அதுவே வாடை போட்டு எல்லை குறிச்சுக்கும். கோழியை உத்துப் பாத்து உடம்பை வெறைச்சா, அந்த நொடியே பேர் சொல்லித் திருப்பணும். ஓட ஆரம்பிச்சப்புறம் கத்துனா வேலைக்கு ஆகாது. முகத்தைத் திருப்பிக்கிட்டுப் படுத்தா, அப்பதான் தீனி. நான் கயித்தை முழுசா கழட்டுனது இவளுக்கு ரெண்டு வயசு ஆகப்போறப்பதான். அதுக்கு முன்னாடி தனியா விட்டதில்ல. அந்தப் பத்து நிமிஷத்தைத் தவிர.

இன்னொண்ணு, செத்த கோழியை நாய் கழுத்துல கட்டித் தொங்கவிட்டா திருந்தும்னு சொல்றாங்கல்ல? செய்யாதீங்க. நாய்க்கு அதுல ஒண்ணும் புரியாது.

அப்புறம் கூடு. இது ரொம்ப முக்கியம். நாய் குரைச்சு விரட்டும், ஆனா பாம்பு, பெருச்சாளி வராம தடுக்கற வேலையை நம்பி அதுகிட்ட ஒப்படைக்க முடியாது. ராத்திரி கோழிக்குக் கண்ணு சரியாத் தெரியாது, தூக்கிட்டுப் போனாலும் அசையாது. அறுகோண ஓட்டை போட்ட கோழி வலை இருக்குல்ல, அது கோழி வெளிய போகாம இருக்கத்தான். வெளிய இருந்து வர்றதைத் தடுக்க அரை இஞ்சு கட்டம் போட்ட வெல்டு வலை வேணும். கீழ வெளிப்பக்கமா ஒரு அடி அகலத்துக்கு மண்ணுல படுக்க வெச்சுப் பொதைச்சிருங்க. தோண்ட வர்றது சுவர் ஓரமாத்தான் தோண்டும், வலை தட்டுனதும் விட்டுட்டுப் போயிரும். பருந்துக்கு மேலயும் வலை, இல்லாட்டி ஒளியப் புதர். எலி மருந்து மட்டும் வெக்காதீங்க. மருந்து தின்னு செத்த எலியைத் தின்னா நாயும் செத்துப் போயிடலாம்.

இவ இன்னும் முட்டை திருடுறா, மறைக்கல. கூட்டுக்குள்ள இட்டா தொட மாட்டா, வெளில புதர்ல இட்டா அவ பங்கு. அதுல நாங்க ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாச்சு.

இருட்டுது. எண்ணி அடைச்சிட்டு வரேன். ஒம்பது, பத்து, பதினொண்ணு… கிராப்பு எங்க? ஆங், செவலை முதுகுக்குப் பின்னாடி நிக்கிறா. பன்னெண்டு. கதவு போட்டாச்சு.