வார்டுக்கு ஆள் இல்லாத ஆண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

உள்ளாட்சியில் ஆட்சி மாற்றம் என்றதும் சென்னையின் அரசியல் தெரிந்தவர்கள் 1959ஆம் ஆண்டைத்தான் முதலில் சொல்வார்கள். மாநகராட்சி மன்றத்தில் அப்போது 100 இடங்கள். அதுவரை காங்கிரஸ் கை ஓங்கியிருந்த மன்றத்தில் திராவிட முன்னேற்றக் கழகம் 45 இடங்களைப் பிடித்தது. தனிப் பெரும்பான்மை இல்லை. மற்றவர்கள் கைகொடுக்க, அ.பொ.அரசு மேயரானார். தேர்தல் வேலையை முன்னின்று பார்த்த மு.கருணாநிதிக்கு வெற்றி விழா மேடையில் அண்ணா மோதிரம் அணிவித்த கதையைப் பெரியவர்கள் பலர் இன்றும் சொல்லக் கேட்கலாம். மாநகராட்சி இயங்கும் ரிப்பன் மாளிகையிலிருந்து மாநில அரசின் தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டைக்கு அதிக தூரம் இல்லை. அந்தக் கட்சி அந்தத் தூரத்தைக் கடக்க எட்டு ஆண்டுகள் ஆயின. 1967இல் மாநில ஆட்சியே மாறியது.

இது எல்லாருக்கும் பிடித்த கதை. எனக்கும் பிடிக்கும். ஆனால் என் மனதை அதிகம் உறுத்துவது இன்னொரு வகை மாற்றம். ஒரு கட்சி போய் இன்னொரு கட்சி வருவதல்ல; மன்றம் போய் அதிகாரி வருவது. அதற்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லை.

1973ஆம் ஆண்டின் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. மஸ்டர் ரோல் ஊழல் என்று அதற்குப் பெயர். வேலைக்கே வராத ஆட்களின் பெயரை வருகைப் பதிவில் எழுதிக் கூலி எடுத்ததாகக் குற்றச்சாட்டு. சரி, தப்பு நடந்தால் நடவடிக்கை வேண்டும்தான். மன்றத்தைக் கலைத்ததிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் அடுத்த தேர்தல் எப்போது நடந்தது தெரியுமா? 1996இல். நடுவே கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா என்று கோட்டையில் ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. ரிப்பன் மாளிகையில் மட்டும் அதிகாரிகளின் நிர்வாகம் நீடித்தது. மன்றம் கலைந்த அன்று பிறந்த குழந்தை, ஓட்டுரிமை வயதைத் தாண்டி 22 வயதை எட்டிய பிறகுதான் தன் வார்டுக்கு ஒரு கவுன்சிலரைப் பார்த்தது.

இந்த நிலை இனி வரக்கூடாது என்றுதான் அரசியலமைப்பின் 73ஆவது, 74ஆவது திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும். இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல். இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. 1996, 2001, 2006, 2011 என்று நான்கு முறை தேர்தல்கள் ஒழுங்காக நடந்தன. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதுதான் மாறி மாறி வந்தது. 1996, 2001, 2011இல் நேரடித் தேர்தல். 2006இலும் பிறகு 2022இலும் மறைமுகத் தேர்தல்.

அப்புறம் 2016 வந்தது. அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலுக்கு வேட்புமனு வாங்கி முடித்திருந்த நேரத்தில், அறிவிக்கையில் குறை இருந்ததாகச் சொல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குறையைத் திருத்தி மறுபடி நடத்தியிருக்கலாம். வார்டு மறுவரையறை, வழக்கு, மேல்முறையீடு, புதிய மாவட்டங்கள் என்று இழுத்துக்கொண்டே போனது. ஊரகப் பகுதிகளில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல். மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்று.

அந்த இடைவெளியில் சென்னையில் என்னென்ன நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற நாட்கள். 2020இல் கொரோனா. மூன்றையும் ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல்தான் இந்த நகரம் கடந்தது. மாநகராட்சி ஊழியர்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள், அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் எங்கள் தெருவில் கழிவுநீர் வாரக்கணக்கில் தேங்கியபோது எங்களுக்குக் கிடைத்தது ஒரு புகார் எண் மட்டும்தான். முன்பென்றால் கவுன்சிலரை வீட்டு வாசலிலேயே மறித்து, "நேரில் வந்து பாருங்கள்" என்று இழுத்துக்கொண்டு வந்திருப்போம். அவர் எந்தக் கட்சி என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுகூட இருக்காது. அடுத்த முறை அவர் எங்களிடம் ஓட்டுக் கேட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

பணமும் நின்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதால் நிதிக்குழு பரிந்துரைத்த மத்திய மானியத்தில் பெரும் பங்கு தமிழக உள்ளாட்சிகளுக்கு வராமல் தேங்கியது.

2022இல் ஒருவழியாக மன்றம் திரும்பியபோது வந்த மாற்றம் பெரியது. 21 மாநகராட்சிகளும் திமுக கூட்டணியின் கைக்கு வந்தன. சென்னையின் 200 வார்டுகளில் திமுக மட்டும் 153, அதிமுக 15, காங்கிரஸ் 13. இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் மன்றத்தின் முகமே மாறியது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண், ஆர்.பிரியா, முப்பது வயதுகூட ஆகாத நிலையில் மேயரானார். எதிர் வரிசை இவ்வளவு மெலிந்த மன்றத்தில் கேள்வி கேட்கும் வேலையை ஆளும் கட்சிக் கவுன்சிலர்களே செய்தாக வேண்டும் என்பது என் கருத்து. அந்தத் தேர்தலில் சென்னை வாக்காளர்களில் பாதிப் பேர்கூட வாக்குச்சாவடிக்கு வரவில்லை. எனக்கு அது வலித்தது. ஐந்தரை ஆண்டு காத்திருந்து கிடைத்த ஓட்டு அல்லவா!

நகர மன்றங்களின் ஐந்து ஆண்டு, 2027ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிகிறது. கிராமத்தில் இருக்கும் நேயர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். வகுத்துப் பார்த்தால் ஓர் ஒன்றியத்துக்குச் சராசரியாக முப்பதுக்கு மேற்பட்ட ஊராட்சிகள். தலைவர் இருந்தபோது ஊருக்கு ஒருவர் போட்ட கையெழுத்தை, முப்பது ஊருக்கும் சேர்த்து ஒரே வட்டார வளர்ச்சி அலுவலர் போட வேண்டியதாகிறது. குழாய் உடைந்தால் பேருந்து ஏறி ஒன்றிய அலுவலகம் வரை போய் அவரைத்தான் பார்க்க வேண்டும். அன்று அவர் வேறு ஊரில் இருந்தால் திரும்பி வந்து மறுநாள் போக வேண்டும்.

வணக்கம்.